ஆடியோ கடையில் விலை பேசுவது

சென்னை ரங்கநாதன் தெருவில் இருபது ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறவர்கள்கூட, ஆடியோ ஷோரூமுக்குள் போனதும் வாயைத் திறப்பதில்லை. தரையில் கம்பளம், மங்கலான விளக்கு, மெல்லிய குரலில் பேசும் ஓனர், மூலையில் ஆளுயர ஸ்பீக்கர். இங்கே போய் விலையைக் குறைக்கச் சொன்னால் நம்மை என்ன நினைப்பார்களோ என்று ஒரு கூச்சம். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இன்னொரு வகை ஆட்களும் உண்டு. உள்ளே வந்து உட்காரும் முன்பே "சார், கடைசி விலை சொல்லுங்க" என்று ஆரம்பிப்பார்கள். ஸ்பீக்கரை எந்த அறையில் வைக்கப் போகிறார்கள், என்ன பாட்டு கேட்பார்கள், ஏற்கெனவே வீட்டில் என்ன இருக்கிறது, எதையும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு பேருக்குமே நஷ்டம். முதல் ஆளுக்குப் பணம் போகிறது. இரண்டாவது ஆளுக்கு, கடைக்காரர் மனது வைத்தால் செய்து தரக்கூடிய நல்ல வேலை போகிறது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது ஆடியோ கடைக்கும் பொருந்தும். ஆனால் கடைக்காரரின் லாபம் எந்தப் பொருளில் இருக்கிறது, எதில் இல்லை என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும். அப்படிப் பேசினால் இரு பக்கமும் கட்டுப்படியாகும் ஒரு விலை பெரும்பாலும் வந்துவிடும். சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று பலரோடு துணைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை விரிவாக எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை, பெட்டியைப் பார்ப்பது. ஸ்பீக்கரைச் சொல்லவில்லை, அது வந்த அட்டைப்பெட்டியை. வெளிநாட்டு ஸ்பீக்கராக இருந்தால் பக்கவாட்டில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இங்கே கொண்டுவந்த இறக்குமதியாளரின் பெயர், முகவரி, புகார் சொல்ல வேண்டிய எண், மாதமும் வருடமும், எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி எல்லாம் அதில் இருக்கும். சட்டமுறை எடையளவு சட்டத்தின் கீழ் 2011இல் வந்த பொட்டலப் பொருள் விதிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் தப்பு. கீழே எவ்வளவுக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஆக, அந்த எண் விலையின் உச்சவரம்பு. பேச்சு அங்கிருந்து கீழேதான் போக முடியும்.

எம்ஆர்பியை எல்லோரும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது மாதம், வருடத்தை. அது போன மாதம் என்றால் சரக்கு புதிது, கடைக்காரருக்கு அவசரம் இல்லை. ஒன்றரை வருடத்துக்கு முந்தையது என்றால் கதை வேறு. அவர் போட்ட முதல் அந்தப் பெட்டிக்குள் அத்தனை நாளாக முடங்கிக் கிடக்கிறது, குடோனில் இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. "சார், இது போன வருஷத்துக்கு முந்தின வருஷச் சரக்கு போல இருக்கே" என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். குற்றம் சொல்லும் தொனி வேண்டாம். விஷயம் தெரிந்த ஆள் வந்திருக்கிறார் என்று அவருக்குப் புரிந்தால் போதும். அதற்குப் பிறகு அவர் சொல்லும் முதல் விலையே வேறாக இருக்கும்.

அடுத்தது கணக்கு. ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) இரண்டுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். 1 லட்சம் எம்ஆர்பி உள்ள பொருளை அதே விலைக்கு விற்றால் அதில் 15,254 ரூபாய் வரி. மிச்சம் 84,746. தயாரித்த கம்பெனி, கப்பல் செலவு, சுங்கவரி, டிஸ்ட்ரிபியூட்டர், டீலர் என்று அத்தனை பேர் பங்கும் இதற்குள்தான். இப்போது கடைக்காரர் 10,000 குறைத்து 90,000 என்று பில் போடுகிறார் என்று வையுங்கள். வரி 13,729 ஆகிவிடும். அவருக்கு நிற்பது 76,271. அதாவது உங்களுக்குப் பத்தாயிரம் குறைந்தது, அவர் கையை விட்டுப் போனது 8,475தான். மீதி 1,525 ரூபாய் வரியில் குறைந்துவிட்டது. விற்கும்போதே கொடுத்த தள்ளுபடியை பில்லில் காட்டினால், குறைந்த விலைக்குத்தான் வரி என்று ஜிஎஸ்டி சட்டமே சொல்கிறது. அதனால் தள்ளுபடியை பில்லிலேயே காட்டச் சொல்லுங்கள். அவருக்கும் அதுதான் நல்லது.

இதற்கு நேர் எதிரான ஒரு பேச்சும் சில இடங்களில் காதில் விழும். "பில் வேண்டாம்னா சொல்லுங்க சார், அந்த 18 பர்சென்ட் உங்களுக்குத்தான்." தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பில் இல்லாத பொருளுக்கு வாரண்டி கேட்டு எங்கேயும் நிற்க முடியாது. நாளைக்கு ஆம்ப் புகைந்தால் அந்தப் பணம் முழுவதும் போச்சு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது பில்தான்.

சரி, டீலரின் பங்கிலிருந்துதான் தள்ளுபடி வர வேண்டும் என்றால், அந்தப் பங்கு எதற்கெல்லாம் செலவாகிறது என்றும் பார்த்துவிடுவது நியாயம். நுங்கம்பாக்கத்திலோ ஆழ்வார்பேட்டையிலோ ஒரு அறையை எடுத்து, சுவருக்குப் பஞ்சு வைத்து, சத்தம் வெளியே போகாமல் கதவு போட்டு, பல லட்சம் ரூபாய்ப் பொருளை விற்பனைக்கு இல்லாமல் கேட்டுப் பார்க்க மட்டும் திறந்து வைத்திருக்கிறார். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இருபத்தைந்து கிலோ ஸ்பீக்கரை லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு வர ஆள் வேண்டும். ஒரு ஜோடி ஸ்பீக்கர் விற்க மூன்று சனிக்கிழமை பேச வேண்டியிருக்கிறது. செல்போன் கடைபோல் நாளுக்கு நூறு பேர் வந்து வாங்கிப் போகும் தொழில் இல்லை இது. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறவரின் குரலே மாறிவிடும்.

"கம்பெனி விடமாட்டான் சார்." இந்த வாக்கியத்தை நிச்சயம் கேட்பீர்கள். சும்மா சொல்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். நிறைய சமயம் அது உண்மை. ஒரு டீலர் விலையை உடைத்தால் பக்கத்து ஊர் டீலர் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போன் போடுவார், அடுத்த லோடு சரக்கு தாமதமாகும். உலகம் முழுக்க நடப்பதுதான். 2018 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் ஆசுஸ், டெனான் அண்ட் மராண்ட்ஸ், பிலிப்ஸ், பயனியர் ஆகிய நான்கு நிறுவனங்களுக்கும் சேர்த்து 11 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. ஆன்லைனில் விலையைக் குறைத்து விற்ற கடைகளை, சரக்கை நிறுத்துவோம் என்பதுபோல் மிரட்டி விலையை ஏற்ற வைத்ததுதான் குற்றம். அந்த நான்கில் இரண்டு, நம்மைப் போன்றவர்கள் வீட்டில் ஆம்ப் வாங்கி வைத்திருக்கும் பெயர்கள்.

நம் ஊரிலும் போட்டிச் சட்டம் மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்துவதைக் கேள்வி கேட்கிறது. 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் டீலர்கள் தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்து, மீறுகிறார்களா என்று பார்க்க வாடிக்கையாளர் போல ஆட்களை ஷோரூமுக்கு அனுப்பியதாக ஆணையம் சொன்னது. மாருதி மேல்முறையீட்டுக்குப் போனது. கார் வியாபாரம்தான் என்றாலும், டீலர்கள் ஏன் விலையை வெளியே சொல்லப் பயப்படுகிறார்கள் என்பது இதில் நன்றாகத் தெரிகிறது. கடைக்காரர் வாட்ஸப்பில் விலை அனுப்பத் தயங்கி "நேர்ல வாங்க சார், பேசிக்கலாம்" என்கிறாரா? போங்கள். நேரில் கிடைக்கும் விலை வாட்ஸப்பில் எழுத்தாக வராது.

உற்பத்தியாளர்கள் இப்படி டீலரின் கையைக் கட்டுவது தவறு என்பதுதான் என் எண்ணம். கடைக்காரர் தன் லாபத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆனால் அந்தச் சண்டையை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடை ஓனரோடு போட்டுப் பிரயோஜனமில்லை. அந்த பிராண்டில் விலை அசையாது என்று தெரிந்துவிட்டால், அசையும் இடத்துக்குப் பேச்சை நகர்த்துங்கள்.

அசையும் இடம் எது? ஒயர், ஸ்டாண்டு, பிளக், இணைப்பு கேபிள். ஒரு ஸ்பீக்கரில் கிடைக்கும் லாபத்தைவிட சதவீதக் கணக்கில் இவற்றில் லாபம் ரொம்ப அதிகம். எனவே இதில் கடைக்காரர் தாராளமாக இருக்க முடியும். இவற்றுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று முடிவுசெய்ய ஒரு சின்னக் கணக்கு போதும். சாதாரண 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.007 ஓம் மின்தடை கொண்டது. ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் 5 மீட்டர் தூரத்தில் இருந்தால், போக வர 10 மீட்டர், 0.07 ஓம். உங்கள் ஸ்பீக்கர் 8 ஓம். நூறில் ஒரு பங்குகூட இல்லை. நல்ல தடிமனான செப்பு ஒயர், முனையில் ஒழுங்காக முறுக்கிய பனானா பிளக், இது போதும். ஐயாயிரம் ரூபாய் ஒயரை அவர் இலவசமாகத் தருகிறேன் என்றால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஐயாயிரம் ரூபாய் குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் வாய்ப்பு இருந்தால், பணத்தையே கேளுங்கள். ஸ்டாண்டு வேண்டுமென்றால் வெல்டிங் பட்டறையில் அளவு சொல்லி இரும்புக் குழாயில் செய்து, உள்ளே மணல் நிரப்பிக்கொள்ளலாம். நான் பார்த்த அருமையான ஸ்டாண்டுகளில் சில அம்பத்தூரில் செய்தவை.

இனி டிஸ்ப்ளே பீஸ். எனக்கு இது ரொம்பப் பிடித்த வழி. கேட்டுப் பார்க்க வெளியே வைத்த ஜோடியை எப்போதாவது கடைக்காரர் விற்றுத்தான் ஆக வேண்டும். புது மாடல் வரும் சமயம் அதற்கு நல்ல நேரம். 2017இல் வந்த கெஃப் நிறுவனத்தின் க்யூ350, பல வருடம் கடைகளில் இருந்தது. 2024இல் அதே வரிசையில் மெட்டா என்ற பெயரோடு புது மாடல்கள் வந்தன. புது மாடல் வருகிறது என்றால், பழையது திடீரென்று மோசமான ஸ்பீக்கர் ஆகிவிடுவதில்லை. கூம்பும் காந்தமும் மரப்பெட்டியும் ஏழு வருடத்தில் காலாவதியாகிவிடாது. டீலருக்கு அந்த இடம் காலியாக வேண்டும், உங்களுக்கு நல்ல ஸ்பீக்கர் வேண்டும். இதைவிடப் பொருத்தமான பேரம் அமையாது.

ஆனால் டிவியோடு இணைக்கும் ஏவி ரிசீவருக்கு இந்த நியாயம் அப்படியே ஒத்துவராது. அது பாதி கம்ப்யூட்டர். 2020இல் வந்த 8கே ரிசீவர்களை ஞாபகம் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். டெனான், மராண்ட்ஸ், யமஹா மாடல்கள் சிலவற்றில் எச்டிஎம்ஐ சிப்பில் கோளாறு. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸைச் சொருகி 4கே 120 ஹெர்ட்ஸில் ஆடினால் திரை கறுத்துப் போனது. பிறகு கம்பெனிகள் அடாப்டர் கொடுத்தும் போர்டை மாற்றிக் கொடுத்தும் சரிசெய்தன. இப்போது அந்தக் காலத்து ரிசீவர் யாராவது பாதி விலைக்குக் கொடுத்தால், அந்த வேலை நடந்ததா என்று கேட்காமல் வாங்காதீர்கள். படம், கேம் இரண்டும் வேண்டாம், பாட்டு மட்டும் கேட்பேன் என்றால் கவலையே இல்லை.

டிஸ்ப்ளே பீஸைப் பார்க்கும் விதம் சொல்கிறேன். முன்பக்கத் துணி வலையை எடுக்கச் சொல்லுங்கள். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், நேராக அடித்தால் தெரியாது. உச்ச ஒலிக்கான ட்வீட்டரின் குமிழில் விரல் பட்ட பள்ளம் இருக்கிறதா பாருங்கள். குழந்தைகள் முதலில் அமுக்குவது அதைத்தான். தாழ்ந்த ஒலிக்கான வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா ஃபோமா என்று பாருங்கள். ஃபோம் என்றால் நம் ஊர் ஈரக்காற்றில் சில வருடங்களில் பொடியும், ரப்பர் நிற்கும். பின்பக்கம் ஒயர் மாட்டும் திருகைத் திருகிப் பாருங்கள், ஆயிரம் தடவை கழற்றி மாட்டியதில் ஆடிப்போயிருக்கும். பிறகு சன்னமான சத்தத்தில் ஒரு தம்புரா சுருதியை ஓட விட்டு, இரண்டு ஸ்பீக்கர் அருகிலும் மாறி மாறிக் காதை வைத்துக் கேளுங்கள். இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். கடைசியாக, வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்று பில்லில் எழுதி வாங்குங்கள். இன்று பில் போட்டால் இன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால், டிஸ்ப்ளே பீஸுக்கு 25 சதவீதம் குறைத்துக் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

இனி பேசும் முறை. என் சித்தப்பா மகன் குரோம்பேட்டையில் வீடு கட்டி, ஹாலுக்கு ஒரு ஸ்டீரியோ செட் வாங்க ஆசைப்பட்டான். முதல் தடவை கடைக்குப் போனபோது விலையைப் பற்றி மூச்சே விடக் கூடாது என்று சொல்லித்தான் கூட்டிப் போனேன். எந்த ஷோரூமுக்குப் போனாலும் ஈகிள்ஸ் குழுவின் ஹோட்டல் கலிஃபோர்னியா, 1994 லைவ் பதிவைப் போட்டுக் காட்டுவார்கள். அதில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். அவன் தன் பாட்டுகளைக் கொண்டு போனான். இளையராஜாவின் ஹவ் டு நேம் இட், ஒரு நாதஸ்வரக் கச்சேரி, மிருதங்கம் தனியாவர்த்தனம் ஒன்று. மிருதங்கத்தில் இடப்பக்கத் தொப்பியின் கும்கி எந்த ஸ்பீக்கரில் இழுத்துக்கொண்டு எழுகிறது, எதில் வெறும் தொம் என்று நின்றுவிடுகிறது என்று கேட்டாலே பாதி முடிவாகிவிடும். நாதஸ்வரத்தில் காது கூசினால் அந்த ட்வீட்டர் நமக்கு ஆகாது. ஒரு மணி நேரம் கேட்டான். கடைக்காரரும் சுவாரசியமாகிவிட்டார், தானாகவே இன்னொரு ஆம்ப்பை மாட்டிக் காட்டினார். ஒரு ஜோடி மனதில் நின்றது. "யோசிச்சுட்டு வரோம் சார்" என்று நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

அடுத்த முறை போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்த கொஞ்ச நேரத்தில். சனி, ஞாயிறு சாயங்காலம் கடைக்காரரைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள், உங்களுக்குக் கொடுக்கும் விலை அடுத்தவர் காதில் விழும் என்று சொல்ல மாட்டார். ஸ்பீக்கர் 78,000, ஆம்ப் 64,000, ஸ்டாண்டும் ஒயரும் 14,000. மொத்தம் 1,56,000. அவன் சொன்னது இவ்வளவுதான்: "சார், இந்த செட்டுதான் எடுக்கப் போறேன். வேற கடைக்கு அலையறதா இல்லை. இன்னைக்கே பணம் போட்டுடறேன். என் பட்ஜெட் ஒண்ணு முப்பது. ஸ்டாண்டு, ஒயர், வீட்டுக்கு வந்து செட் பண்ணித் தர்றது எல்லாம் அதுக்குள்ள வரணும். நீங்களே பார்த்து ஒரு கணக்கு போடுங்க."

கடைக்காரர் கால்குலேட்டரை எடுத்தார். "ஸ்பீக்கர்ல பண்ணலாம் தம்பி. ஆம்ப்ல கம்பெனி விடமாட்டான்" என்றார். தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். "ஒண்ணு நாப்பத்தி ரெண்டு." அவன் பதில் சொல்லவில்லை. சும்மா ஆம்ப்பின் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தான். இந்த இடத்தில் நிறையப் பேர் பதற்றத்தில் "சரி ஒண்ணு நாப்பதுக்குக் குடுங்க" என்று தாங்களே விலையை ஏற்றிவிடுவார்கள். கொஞ்சம் பொறுத்தால் கடைக்காரரே இன்னொரு எண் சொல்வார். "ஒண்ணு முப்பத்தெட்டு, என் கைக் காசு போடாம இதுக்கு மேல முடியாது." அப்போது நான், கீழே காட்சிக்கு வைத்திருந்த ஸ்டாண்டையே எடுத்துக்கொள்கிறோம், புதுசு வேண்டாம் என்றேன். ஓரத்தில் லேசாகப் பெயிண்ட் உரிந்திருந்தது. அவர் சிரித்தார். 1,34,000க்கு முடிந்தது, பில்லோடு. கிட்டத்தட்ட 14 சதவீதம். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. டெலிவரி அன்று அவரே வந்து ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து நகர்த்தி நகர்த்திப் பார்த்து வைத்துவிட்டுப் போனார்.

இதில் கவனிக்க வேண்டியது, அவன் ஒரு தொகையைச் சொல்லி, அதற்குள் எதில் எவ்வளவு குறைப்பது என்ற முடிவைக் கடைக்காரரிடம் விட்டான். எந்தப் பொருளில் தன் கை நீளும் என்று அவருக்குத்தான் தெரியும். தனித்தனியாக ஸ்பீக்கருக்கு எவ்வளவு, ஆம்ப்புக்கு எவ்வளவு என்று குடைந்திருந்தால் ஆம்ப்பிலேயே பேச்சு சிக்கி நின்றிருக்கும்.

பணம் கட்டும் விதத்திலும் கொஞ்சம் இடமுண்டு. கிரெடிட் கார்டைத் தேய்த்தால் கடைக்காரர் வங்கிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் கொடுக்கிறார். 1,34,000க்கு அது 2,680 ரூபாய். நேரடியாக வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புகிறேன் என்றால் அந்தத் தொகையைக் கேட்பது நியாயம், கொடுக்கவும் செய்வார்கள். ரொக்கம் வேண்டாம். ஒரே வியாபாரத்துக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்கு வருமானவரிச் சட்டப்படி அனுமதியும் கிடையாது. வட்டியில்லா இஎம்ஐ என்று போர்டு வைத்திருப்பார்கள். வட்டி இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அந்த வட்டியைக் கம்பெனியோ கடைக்காரரோ எங்கேயோ சுமக்கிறார். "நான் மொத்தமாகக் கட்டுகிறேன், அந்த வட்டித் தொகையை விலையில் குறையுங்கள்" என்று கேளுங்கள்.

ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் காத்திருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பெரிய டிவி கடைகளில் பலன் இருக்கலாம். ஆடியோ மட்டுமே விற்கும் சின்ன டீலரிடம் பண்டிகையைவிட மார்ச் மாதக் கடைசி மேல். வருடக் கணக்கு முடிக்கும் சமயம், டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த இலக்குக்கு ஒன்றிரண்டு பீஸ் குறைவாக இருந்தால் அவரே போன் செய்வார்.

ஆன்லைன் விலையைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. கடையில் ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்தபடி ஆன்லைனில் ஆர்டர் போடுவது தப்பு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அந்த அறையின் வாடகையை நீங்கள் அனுபவித்துவிட்டு, பணத்தை வேறொருவருக்குக் கொடுக்கிறீர்கள். சென்னையில் உட்கார்ந்து நிதானமாக ஸ்பீக்கர் கேட்டுப் பார்க்கக்கூடிய இடங்கள் ஏற்கெனவே குறைவு. மதுரையிலும் திருச்சியிலும் இருப்பவர்கள் ஸ்பீக்கர் கேட்கவே ரயில் ஏறி வருகிறார்கள். இருக்கும் அறைகளும் மூடப்பட்டுவிட்டால் பிறகு யூடியூப் விமர்சனத்தை நம்பி லட்ச ரூபாய்க்கு வாங்க வேண்டியதுதான். அதனால் ஆன்லைனில் குறைவாக இருந்தால், அதைக் கடைக்காரரிடமே காட்டுங்கள். "சார், இங்க கேட்டது பிடிச்சிருக்கு, உங்ககிட்டயே வாங்கணும். ஆனா வெளியில இந்த விலை இருக்கு. எவ்வளவு பக்கத்துல வர முடியும்?" அதே விலைக்கு வரவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். நாலாயிரம், ஐயாயிரம் கூட இருந்தாலும் கடையிலேயே வாங்குங்கள் என்பேன். முடியவே முடியாது என்று அவர் கைவிரித்துவிட்டால், அப்போது ஆன்லைனில் வாங்குவதில் தப்பே இல்லை.

அந்த ஆன்லைன் விலை யாருடையது என்றும் பாருங்கள். விற்பவர் அந்த பிராண்டின் அங்கீகாரம் பெற்றவரா, இந்திய வாரண்டி உண்டா? சில சமயம் வெளிநாட்டிலிருந்து பையில் வந்த சரக்காக இருக்கும். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. நம்முடையது 230. அந்த ஊருக்கு மட்டும் செய்த ஆம்ப்பை இங்கே சொருகினால் அன்றோடு சரி. பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பணத்துக்குப் பதிலாக நான் எப்போதும் கேட்கும் இன்னொன்று உண்டு. வீட்டு டெமோ. நம் வீடுகள் கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல். ஷோரூமில் பஞ்சுச் சுவருக்குள் இனிமையாகக் கேட்ட ஸ்பீக்கர், நம் ஹாலில் வந்து எதிரொலித்துக் கத்தும். ஒரு வாரக் கடைசிக்கு டெமோ ஜோடியை வீட்டுக்குக் கொடுங்கள், முன்பணம் வைக்கிறேன் என்று கேளுங்கள். சம்மதிக்கும் கடைக்காரர் கிடைத்தால், அவரிடம் ஐயாயிரம் ரூபாய்க்கு இழுபறி செய்ய மாட்டேன். தப்பான ஸ்பீக்கரை வாங்கி ஒரு வருடத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிடும் நஷ்டத்தை அவர் தடுத்துவிட்டார்.

ஒரு இடத்தில் மட்டும் பேரமே பேசாதீர்கள். ரிச்சி ஸ்ட்ரீட் சந்துகளில் கையில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து பழைய ஆம்ப்பைப் பிரித்து ரிப்பேர் செய்கிறவர்கள், பொடிந்துபோன வூஃபர் ஃபோமை மாற்றி ஒட்டிக் கொடுக்கிறவர்கள். அவர்கள் கேட்கும் எண்ணூறு ரூபாயில் நூறு குறைக்கச் சொல்வது எனக்குக் கட்டோடு பிடிக்காது. அந்தக் கை வேலை தெரிந்தவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டு வருகிறார்கள். கேட்டதைக் கொடுத்துவிட்டு, அவர்கள் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேசி முடித்துப் பணம் கட்டும்போது பில்லில் மாடல் பெயர், நிறம், சீரியல் எண் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். ஸ்பீக்கரின் பின்னால் உள்ள எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பேசிய இலவசங்கள், வீட்டுக்கு வந்து செட் செய்து தருவது உட்பட, பில்லின் கீழே ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மாகோலையும் பரணில் போட்டு வையுங்கள். மூன்று வருடம் கழித்து பெரியது வாங்க ஆசை வந்தால், பில்லும் பெட்டியும் உள்ள ஜோடியை அதே கடைக்காரரே எடுத்துக்கொண்டு மீதிப் பணத்துக்கு அடுத்ததைத் தருவார். அப்போது பழையதற்கு எவ்வளவு என்று பேசும்போது, அவர் முதலில் சொல்லும் தொகையை உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள்.